அடைப்புக்குறிக்குள் இருந்தவை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்கிறீர்களா? நான் நலமாக இருக்கிறேன்.

சென்ற வாரம் அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. புகார்க் கோப்புகளில் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் முகவரிகளை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. அடைப்பு திறக்கும் இடத்திலிருந்து மூடும் இடம் வரை அழிக்கும்படி கணினிக்கு ஒரு வரிக் கட்டளை எழுதினேன். முதலில் மூடும் இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதைக் குறிப்பிடத் தவறிவிட்டேன். அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் அடைப்பில் தொடங்கிக் கடைசி அடைப்பு வரை, நடுவில் இருந்த புகார்களையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

“இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குது சார், உங்க கட்டளை!” என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அலுவலகக் கோப்புகளுக்கு நகல் இருந்ததால் சேதமில்லை.

என் பழைய கைபேசி பழுதாகும் முன், அம்மா அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒரே கோப்பாக்கி அந்தக் கணினியில், அதே கோப்புறையில்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் தேதி இருக்கும். அதனால் கட்டளை அதையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு நகல் இல்லை. கடைசித் தேதிக்குப் பின்னால் இருந்தது மட்டும் தப்பியிருக்கிறது: “போனை எடுடா. ஒண்ணுமில்ல, சும்மாதான்.”

அம்மாவின் கைபேசியில் உள்ளதை அழித்துவிட்டுத் தங்கைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு யாரும் அதைத் தொட வேண்டாம். அவசரமொன்றும் இல்லை. இருந்தாலும், இதைப் படித்தவுடன் எழுந்துபோய், அது அலமாரியில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் அப்பா.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

பணிவுடன்,
உங்கள் பெரியவன்