எத்தனைக்கு இருநூற்று முப்பத்தேழு

பீரோவின் கீழ்த்தட்டில் கரையான் ஏறிவிட்டதோ என்று பார்க்க நேற்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். அந்துருண்டை வாசனையோடு, என் மகன் அமெரிக்கா போவதற்கு முன் படித்த ஆங்கிலத் தேர்வுப் புத்தகம் கையில் வந்தது. அட்டை போய்விட்டது. கடைசி வெற்றுப் பக்கத்தில் நீ பென்சிலால் போட்ட கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று எண்கள், கூட்டல், பத்தால் பெருக்கி மூன்றால் வகுத்த விடை, அதன் கீழே இரண்டு கோடு. கணக்கு சரியாக வந்துவிட்டால் நீ இரண்டு கோடு போடுவாய். பிள்ளைகளின் நோட்டில் மட்டுமில்லை, பஸ் டிக்கெட்டின் பின்புறத்திலும்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நீ கேட்டுவிட்டுப் போன ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி, அது உனக்குத் தெரியும்.

செங்கல்பட்டில் அந்தப் பெண்கள் பள்ளிக்கு நீ கணக்கு ஆசிரியையாக வந்தபோது நான் அங்கே பத்து வருடம் ஆங்கிலம் நடத்தி முடித்திருந்தேன். நீ கோவளத்துக்காரி. படகு வைத்திருந்த வீட்டில் பிறந்து, கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்தவரைக் கட்டிக்கொண்டு, தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்தாய். நான் மதராஸில் கன்னியாஸ்திரிகளிடம் விடுதியில் தங்கிப் படித்தவள். வாக்கியத்தின் பாதியில் யாராவது சொல்லை விழுங்கினால் எனக்குப் பொறுக்காது. வந்த முதல் நாளே ஆசிரியர் அறையில் நீ கேட்டாய்: “இன்னா டீச்சர், ஃபேனுக்கு அடியில நீங்க மட்டும் குந்திகினா நாங்க இன்னா பண்றது?”

“குந்திகினா இல்லம்மா. உட்கார்ந்தா.”

“சரி, உட்காராதீங்க. நகருங்க.”

நான் நகர்ந்தேன். ஏன் நகர்ந்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அன்று முதல் நீ என் பக்கத்து நாற்காலி.

உன் மகள் கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் மலையாளிகள், எதிரே வங்காளிகள், மாடியில் தெலுங்குக்காரர்கள். குழந்தைகள் விளையாட்டில் சண்டை போடுவதே ஆங்கிலத்தில்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னோடு ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவாள். எனக்கு அது பிடிக்கும். நீ அடுக்களையில் நின்று, “ரெண்டு தொரசானிங்களும் பேசி முடிச்சா காபி கலக்கலாம்” என்பாய்.

இரண்டாயிரத்தொன்றில் அவள் சென்னையில் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஆசைப்பட்டு அந்த ஆங்கிலத் தேர்வை எழுதினாள். படிக்க நான் கொடுத்தது இதே புத்தகம்தான். தேர்வைப் பற்றிய கையேட்டைத் தோழியிடம் கடன் வாங்கி, விண்ணப்பம் நிரப்பியதும் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அவள் போக விரும்பிய பல்கலைக்கழகம் குறைந்தது ஐந்நூற்றைம்பது கேட்கிறது என்று சீனியர் ஒருத்தி சொல்லியிருந்தாள். அங்கே விண்ணப்பம் சேர டிசம்பர் பாதி வரைக்கும்தான் தவணை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை நீங்கள் இருவரும் மதிப்பெண் தாளோடு வந்தீர்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மொத்தம் இருநூற்று முப்பத்தேழு.

“என்ன இது?” என்றேன்.

அவள் அன்று தமிழில் பேசினாள். “கம்ப்யூட்டர்ல எழுதினேன் ஆன்ட்டி. முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல ஏதோ ரெண்டு நம்பர் காட்டுச்சு, இதுலேர்ந்து இதுக்குள்ளன்னு. கட்டுரைக்கு இன்னும் மார்க் போடலைன்னு இருந்துச்சு. அதுவும் சேர்ந்தா ஐந்நூறு தாண்டிடும்னு நெனச்சேன்.”

அவள் திருப்பிக் கொண்டுவந்திருந்த புத்தகத்தைத் திறந்தேன். மிக அதிக மதிப்பெண் அறுநூற்று எழுபத்தேழு என்று அதில் போட்டிருந்தது. என் மகன் தொண்ணூற்றொன்றில் வாங்கியது ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு. தாளின் ஓரத்திலேயே வகுத்துப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்தைந்து வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் ஊரில் பிறந்த யாருக்கும் அந்த எண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. முப்பதாண்டு விடைத்தாள் திருத்திய கை. சிவப்புப் பேனாவால் முப்பத்தைந்து என்று எழுதி வட்டம் போட்டுவிட்டேன், அவளுடைய அசல் தாளில்.

“விளிம்புல நிக்கறே. இதை அனுப்பினா சிரிப்பாங்க. அடுத்த வருஷம் ஒழுங்கா படிச்சு எழுது,” என்றேன்.

அவள் தாளை வாங்கி, ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மடித்தாள். எப்போதும் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போகிறவள், “வரேன் ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு ஒரு வாரம் அவள் யாரிடமும் ஆங்கிலத்தில் பேசவில்லை என்று நீ பின்னால் சொன்னாய். வங்காளி வீட்டு அம்மாவிடம்கூடத் தலையாட்டலும் சைகையும்தானாம். அவள் அப்பா விண்ணப்ப உறையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். “டீச்சரே சொல்லிட்டாங்கன்னா அப்புறம் இன்னா” என்றாராம்.

அன்று என் வீட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது நீ கேட்டாய்: “கரெக்டா முப்பத்தஞ்சா டீச்சர்?”

“கரெக்டா.”

“உம்,” என்றாய். அந்த ‘உம்’முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விட்டால் நீ அப்படித்தான் சொல்வாய்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேரே வந்தாய். உட்காரவில்லை. “உங்க புள்ளையோட தாள எடுங்க. அந்தப் பொஸ்தகத்தயும்.” அவனுடைய தாளை நான் பத்திரமாக வைத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். மூன்று பகுதிகள்: ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது. நீ கூட்டினாய், பத்தால் பெருக்கினாய், மூன்றால் வகுத்தாய். ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு. உன் மகளுடையது இருபத்துநான்கு, இருபத்துநான்கு, இருபத்துமூன்று. அதே வழி. இருநூற்று முப்பத்தேழு. இரண்டு கோடு போட்டாய்.

“அப்போ நான் சொன்னதுதானே சரி? ஒரே கணக்கு,” என்றேன்.

“வழி ஒண்ணுதான். அளவு ஒண்ணான்னுதான் தெரியல. இங்க பாருங்க, பழைய பரீட்சைல ஒரு பகுதிக்கு இருபதுக்குக் கீழ போடவே மாட்டானாம், பொஸ்தகத்துல கீது. கண்ண மூடிகினு கோடு போட்டாலே இருபத்தஞ்சு முப்பது வந்துடும் போல. எம்பொண்ணுக்கு காது கேக்கற பகுதில இருபத்திநாலு. அப்டின்னா அது ஹெட்போன மாட்டிகினு தூங்கிகினு இருந்திருக்கணும். தூங்கிச்சா?”

நான் புத்தகத்தை மூடினேன்.

“அது பேசறத இத்தன வருஷமா நீங்க கேட்டுகினுதான கீறீங்க டீச்சர்? அத வுட்டுட்டு ஒரு நம்பர நம்பறீங்க. ஜொரம் ஃபாரன்ஹீட்ல நூத்திரெண்டுன்னாலும் ஜொரம்தான், செல்சியஸ்ல முப்பத்தொம்பதுன்னாலும் அதே ஜொரம்தான். தெர்மாமீட்டர் மாறிப்போச்சோ இன்னாவோ.”

எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னது தவறு என்பதால் இல்லை. அதை நான் கேட்டிருக்க வேண்டும் என்பதால்.

அதற்குள் நீ கல்பாக்கத்தில் விசாரித்தும் இருந்தாய். அந்த வருடம் அதே தேர்வு எழுதிய பிள்ளைகள் மூன்று பேர். ஒருவருக்கும் முந்நூறு தாண்டவில்லை. “விஞ்ஞானிங்க பெத்த புள்ளைங்க மூணும் ஃபெயிலா? இதுல இன்னாவோ கீது” என்றாய். சந்தேகத்தைச் சொல்லும்போது உன் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. மகளின் வருடம் போகிறதே என்ற கவலை உனக்கு இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கவலைக்கு நடுவிலும் உனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினோம். சென்னையில் வெளிநாட்டுப் படிப்புக்கான நூலகம் ஒன்றில் புதிய கையேடு இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொளவாய் ஏரியில் அந்த வருடம் தண்ணீர் நிறைய. ஊரப்பாக்கத்தில் ஏறிய கூட்டத்தில் நீ எழுந்து ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்தாய். நின்றுகொண்டே கேட்டாய்: “நீங்க சொன்னதே சரியா இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“தப்பா இருந்தா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நூலகத்தில் இருந்த பெண் கையேட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். ஒரு பக்கம் காகிதத்தில் எழுதுகிற பழைய தேர்வு, மறுபக்கம் கம்ப்யூட்டர் தேர்வு, வரிசை வரிசையாக. கம்ப்யூட்டர் தேர்வுக்கு உச்சமே முந்நூறுதான். நான் விரலை வைத்து இறங்கினேன். பழைய ஐந்நூற்றைம்பதுக்கு எதிரே இருநூற்றுப் பதின்மூன்று. இருநூற்று முப்பத்தேழுக்கு எதிரே ஐந்நூற்றெண்பது முதல் ஐந்நூற்றெண்பத்துமூன்று வரை. அவர்கள் கேட்டதைவிட முப்பது கூடுதல். என் விரல் இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று. என் மகனின் மதிப்பெண்ணுக்கு எதிரே இருநூற்று நாற்பத்தேழு.

நீ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாய். “பத்துதான் டீச்சர் வித்தியாசம்,” என்றாய். அந்த நூலகத்துப் பெண் எங்களைப் பேசாமலிருக்கச் சொல்லும்படி சிரித்தாய்.

திரும்பும் ரயிலில், “அவகிட்ட நீயே சொல்லிடு,” என்றேன்.

“நான் சொன்னா அம்மா சமாதானம் சொல்லுதுன்னு நெனச்சுக்கும். நீங்க சொன்னீங்க, நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க.”

மறுநாள் நான் கல்பாக்கம் பஸ் ஏறினேன். வழி நெடுக மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அமைத்து வைத்தது ஒன்றும் வரவில்லை. “நான் தப்பா படிச்சுட்டேன். அது முந்நூறுக்கு,” என்றேன். பட்டியலை நகல் எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தேன்.

அவள் பார்த்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். “அப்ப நான் பாஸா ஆன்ட்டி?”

“இதுல பாஸ், ஃபெயிலே கிடையாதும்மா. அவங்க கேட்கறதுக்கு மேல இருக்கே, அவ்வளவுதான். உன் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை.”

உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. “காபி கலக்கவா?” அவள் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், உள்ளே வாருங்கள் ஆன்ட்டி, ரொம்ப வெயில் என்றாள்.

விண்ணப்பம் தவணைக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. இடம் கிடைத்தது. அவள் விமானம் ஏறிய நாளில் நீ அழவில்லை. நான் அழுதேன்.

அப்புறம் ஐந்து வருடம் ஓடியது. நீ நோயில் படுத்திருந்தாய். அந்தத் தேர்வை மறுபடி மாற்றிவிட்டார்கள், இண்டர்நெட் வழியாக எழுதவேண்டும், இப்போது மொத்தமே நூற்றிருபதுதான் என்று நான் சொன்னதும் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தாய். “திரும்ப மாத்திட்டானா? பட்டியல கொண்டாங்க.” நெட் சென்டரில் அச்செடுத்து வந்து படித்துக் காட்டினேன். உன் மகளின் எண்ணுக்கு எதிரே தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று.

“ஒண்ணுமே படிக்காம எம்பொண்ணு மார்க்கு எத்தினி தபா மாறுது பாருங்க,” என்றாய். பிறகு நெற்றியைச் சுருக்கினாய். “இதுல பேசச் சொல்றானாமே. முன்ன பேசவே சொல்லலயே. பேசாத பரீட்சையும் பேசற பரீட்சையும் எப்டி டீச்சர் ஒரே வரிசைல வக்கிறான்?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்வதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது கேட்டுக்கொள். ஒரே ஆட்களை இரண்டு தேர்வையும் எழுத வைத்திருக்கிறார்கள். இதில் இந்த இடத்தில் நின்றவர்கள் அதில் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்து எதிரெதிரே போட்டிருக்கிறார்கள். அதனால்தான் சில எண்களுக்கு எதிரே ஓர் எண் இல்லாமல் இதிலிருந்து இதுவரை என்று இருக்கிறது. இரண்டும் அளப்பது ஒன்றே அல்ல, இது உத்தேசமான ஒப்பீடுதான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நீ சந்தேகப்பட்டது சரி. வழியை எழுதியிருக்கிறேன், இரண்டு கோடு நீ போட்டுக்கொள்.

இன்னொன்றை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. அன்று அந்தத் தாளைப் பார்த்தவுடன், அவளுக்காக வருந்துவதற்கு முன்னால், என் பிள்ளையின் மதிப்பெண்ணை இவள் தாண்டவில்லை, அது பத்திரமாக இருக்கிறது என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்துபோனது. போன மாதம் உன் மகள் போன் செய்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் தமிழில் சொன்னாள்: “அது அப்பவே தெரியும் ஆன்ட்டி. அம்மாவுக்கும் தெரியும். நீங்க அவ்ளோ வேகமா கணக்கு போட்டு நாங்க பார்த்ததே இல்லன்னு அம்மா பஸ்ல சொல்லிச்சு.”

தெரிந்துகொண்டே நீ அந்த வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்திருக்கிறாய்.

இப்போதெல்லாம் இந்தத் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். முன்வாசல் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். கண்ணாடியைத் தேடுவதில்லை. தாளை வாங்கிக் குப்புற வைத்துவிட்டு, முதலில் கொஞ்ச நேரம் பேசச் சொல்லிக் கேட்கிறேன்.