நாலு ஊருக்கு ஒரே பூட்ஸ்

செவ்வாய்

வெட்கக்கேடுதான். இன்று நகராட்சிக் கூட்டத்தில், சேர்மன் முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிவிட்டேன்.

இந்த வருஷத்திலிருந்து நாலு ஊருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் கொள்முதல். துப்புரவுப் பெண்களுக்கான ரப்பர் பூட்ஸுக்குச் சாம்பிள் ஒற்றைக் கால்தான் வந்திருந்தது. கவுன்சிலர்கள் நாங்கள் சரி என்றால், வருஷம் முழுக்க அவர்கள் அதைத்தான் போட வேண்டும்.

முன்பெல்லாம் கடைக்கார பாய் மூட்டையோடு வருவார். பெண்கள் ஆபீஸ் வாசலிலேயே போட்டுப் பார்ப்பார்கள். "இன்னா பாய், யானைக்கு வாங்கினதா?" என்று வம்பிழுப்பேன். வாசலே சிரிக்கும். அந்தச் சத்தம் போயே போய்விட்டது.

அதனால் நானே போட்டுப் பார்த்தேன்.

"இன்னாக்கா, சரியா கீதுங்களா?" என்றார் சேர்மன்.

"காலை இறுக்கிப் புடிக்குதுங்க. அவங்களைக் கூப்ட்டு போட்டுப் பாக்காம நான் கையெழுத்து போட மாட்டேன்."

முடிவைத் தள்ளிவைத்தார்கள். சாம்பிளைத் திருப்பிக் கேட்டார்கள். கழற்றப் பார்த்தேன், வரவில்லை. பூட்ஸோடு படுத்திருக்கிறேன்.