அணைக்கு வராதவன் கடலுக்கு இல்லை

1960 ஜனவரி 10, ஞாயிறு

தண்ணீரில் இன்று பல் கிட்டிப்போகும் குளிர். ஆனைப்பாறையிலிருந்து பார்த்தால் அணை இருக்கிற இடத்தில் வெறும் பனி. அழகுமுத்துவும் நானும்தான் முதலில் இறங்கினோம். வழக்கம்போல அவன் என் இடப்பக்கம். மூக்கன் பாறைமேல் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்தான். மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று அடி. பனியில் கரை தெரியாது. தகரச் சத்தம்தான் கரை. கடைசி ஆள் ஏறிய பிறகுதான் தகரத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்த முறையை ஏற்படுத்தியவன் நான். எங்கள் நீச்சல் கூட்டத்துக்கு இப்பொழுது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி தலைவர். இருக்கட்டும்.

கரையேறித் தேத்தண்ணி குடிக்கும்போது கணேசமூர்த்தி சொன்னார்: இந்த ஆடி அமாவாசைக்குத் திருகோணமலைக் கடல். தோட்டத்துத் தொரை லீவு கொடுத்துவிட்டாராம். நீந்தப் போகிறோம் என்றால் கிடைக்காது, அதனால் சாமி காரியம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"நம்ம தொரை சாமிக்குப் பயப்புடுவாருப்பா. வீட்டம்மாவுக்கு அடுத்தபடியா," என்றான் மூக்கன்.

58-இல் போக இருந்தோம், கலவரம் வந்தது. போன வருடம் லீவு இல்லை. எனக்கு அறுபத்து நாலு. மூன்று வயதில் அம்மா மடியில் கப்பலேறி இலங்கைக்கு வந்தவன். வாந்தி எடுப்பேன் என்று வழி முழுக்க முந்தானையால் முகத்தை மூடியே வைத்திருந்தாளாம். கடலைக் கடந்தவன் நான். கடலைப் பார்த்ததில்லை.

ஜனவரி 24, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. குளிரால் அல்ல.

இன்று தகரம் அழகுமுத்துவின் கையில். அவனுக்குச் சளி. நான் தனியாக நடு அணை வரைக்கும் போய்த் திரும்பினேன். சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். கை பட்ட இடம் பாறை அல்ல, அணையின் மறுகோடி நாணல் சேறு. இடுப்பு வரைக்கும் புதைந்து நின்றேன். அவர்கள் கரையைச் சுற்றி ஓடிவந்து துண்டு போட்டு இழுத்தார்கள், மாட்டை இழுப்பது போல.

அழகுமுத்து தகரத்தோடு இடம் மாறியிருக்கிறான். கேட்டேன்.

"நான் பாறைய விட்டு எந்திரிக்கவே இல்ல செல்லசாமி. நீதான் சத்தத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் போற."

"எனக்கு அணை தெரியாதா? எனக்கா?"

"அணை தெரியும்ப்பா. காது..."

மேலே சொல்லவில்லை. சொல்ல விடவில்லை நான். மூக்கன் வேறு: "அண்ணே குறுக்கு வழியா கொத்மலைக்குக் கெளம்பிட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள். அழகுமுத்துவும். அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

கணேசமூர்த்தி மரியாதையாகத்தான் பேசினார். "பனி நாள்ல நீங்க எறங்க வேணாம் மாமா. பாறையில ஒக்காந்து தகரம் அடிங்க, போதும்."

தகரம் அடிப்பது சளி பிடித்தவன் வேலை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தக் கரையில் என் கால் படாது.

ஜனவரி 31, ஞாயிறு

போகவில்லை.

பிப்ரவரி 7, ஞாயிறு

போகவில்லை. விடியும் முன்னே விழிப்பு வந்துவிடுகிறது, உடம்புக்குக் கிழமை தெரிகிறது. எங்கள் லயத்து வீட்டு வாசலில் வடக்கே பார்த்து நின்றால் தகரம் கேட்கிறது. தெற்கே திரும்பினால் கேட்கவில்லை. காற்று அப்படி அடிக்கிறது.

பிப்ரவரி 21, ஞாயிறு

என் மனைவி மீனம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். "என்னாங்க, கடலுக்குப் போற எண்ணம் இருக்கா இல்லையா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அணைக்கு வராதவன் கடலுக்கு இல்லைன்னு சட்டம் போட்டது நீங்கதானே. அப்ப மூக்கனுக்குப் போட்டீங்க. இப்ப யாருக்காம்?"

உண்மைதான். 58-இல் நான் போட்ட சட்டம். மூக்கன் வெயில் ஞாயிறுகளில் மட்டும் வருவான், குளிர் வந்தால் போர்வைக்குள் கிடப்பான். சும்மா ரயிலேறி வேடிக்கை பார்க்க ஆள் சேரக்கூடாது என்று போட்டேன். அன்றிலிருந்து அவன் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

என் சட்டத்தை எனக்காக வளைக்கச் சொல்லி ஒருவனிடமும் போய் நிற்கமாட்டேன். கடல் போனால் போகட்டும்.

போகட்டும் என்று எழுதியாயிற்று. எழுதினால் போய்விடுமா?

மார்ச் 19, சனி

தேர்தல் நாள். நாடெல்லாம் ஓட்டுப் போடுகிறது. நம்மைப் போலத் தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. அணைக்கும் நான் போவதில்லை. ஆக, போவதற்கு இடம் இல்லாதவனாக வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 30, புதன்

தேயிலை ஸ்டோர் ஆலைச் சங்கு வர வரச் சத்தமே இல்லாமல் ஊதுகிறது. நீராவி போதவில்லை போல. இந்த மீனம்மாவும் முன்னைப் போல வாய்விட்டுப் பேசுவதில்லை. எல்லாம் முணுமுணுப்பு.

சொன்னேன். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "ஒங்க எடது காது போயிருச்சு. ரோதைக்குப் பக்கத்துலயே ஆயுசு பூரா நின்னா வேற என்னா ஆகும்?"

கொழுந்து அரைக்கிற ரோதைக்கு நான் இடப்பக்கம் காட்டி நின்றது நிஜம். அதற்காக? என்னோடு நின்ற பொன்னையா எண்பது வயதில் பாம்பு ஊர்வதைக் கேட்பான்.

ஏப்ரல் 10, ஞாயிறு

தகரத்தை யாரோ தப்பாக அடிக்கிறார்கள். மூன்றுக்குப் பதில் நான்கு, அப்புறம் இரண்டு. கல்யாணத்துக்கு மேளமா அடிக்கிறான்?

கனவில் தண்ணீருக்குள் இருந்தேன். இடப்பக்கம் அழகுமுத்துவின் கை எழுந்து விழுகிறது. சத்தமே இல்லை. விழித்த பிறகு வெகுநேரம் படுத்தே இருந்தேன். இருபது வருடமாக ஞாயிறு தவறாமல் ஒருவன் பக்கத்தில் நீந்திவிட்டு, காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் எதிரே வந்தால் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நடக்கிறோம், அவனும் நானும்.

ஏப்ரல் 24, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

மத்தியானம் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். மீனம்மா உள்ளிருந்து வெளியே வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க மனுசனா? அந்த அண்ணே படியேறி வந்து, பக்கத்துல, கொஞ்சம் பின்னால நின்னு மூணு தடவ கூப்பிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல நீங்க. மொகம் செத்துப்போயித் திரும்பிப் போறாரு."

"யாரு?"

"யாரா. அழகுமுத்து அண்ணே."

"எந்தப் பக்கம் நின்னான்?"

இந்தக் கேள்வி என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் கோபமெல்லாம் இறங்கிப்போய் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக என் இடப்பக்கத்தைக் கையால் காட்டினாள்.

எழுந்து பாதை வரைக்கும் போனேன். வளைவில் அவன் முதுகு தெரிந்தது. கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? கேட்டும் பேசாமல் இருந்திருந்தால் அது என் வீம்பு, அதற்கு நான் பொறுப்பு. கேட்காமல் இருந்தது எதில் சேர்த்தி? பேசாமல் இருக்க எனக்குத் தெரியும். பேசாதவன் என்று எனக்குத் தெரியாமலே பேர் வாங்குவது என்ன நியாயம்?

அவன் சொல்ல வந்ததை, திரும்பும்போது அடுப்படிப் பக்கமாக மீனம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தகரம் அடிக்கிறவனும் அணைக்கு வந்தவன்தான் என்று கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறானாம். "இப்பருந்து வந்தாலும் போதும், கடலுக்கு அவனும் உண்டு, அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றானாம்.

எனக்காக என் சட்டத்துக்கு அவன் வழி பார்த்திருக்கிறான். நான் செருப்புத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 8, ஞாயிறு

போனேன். கடலுக்காக அல்ல. தகரத்தை அந்த மாதிரி அடித்தால் ஒருநாள் யாராவது சாவான்.

பாறைமேல் மூக்கன். கையை நீட்டினேன். "குச்சியக் குடு."

"வாங்கண்ணே. தகரம் ஒங்களத்தான் தேடிக்கிட்டுக் கெடந்துச்சு."

"அது தேடல. ஒன் அடி தாங்காம அழுதுச்சு."

நான் அடிக்க ஆரம்பித்ததும் தண்ணீருக்குள் பேச்சு நின்றது. மூன்று அடி, இடைவெளி. பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக என்னை நோக்கி வந்தது. அழகுமுத்து ஏறினான். என்னைப் பார்த்தான். நான் தகரத்தைப் பார்த்தேன். அன்று வாசலில் கேட்கவில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருப்பது பட்டினி கிடக்கிறவன் பந்தியில் பரிமாறுகிற மாதிரி.

ஜூன் 19, ஞாயிறு

மழைப் பனி. முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் ஏறியாயிற்று, அழகுமுத்துவைத் தவிர.

"போதும் மாமா, கவுத்துருங்க. கொரல் குடுத்துட்டாரு. பக்கத்துலதான் வாராரு," என்றார் கணேசமூர்த்தி.

"கொரல் வேணாம். ஆளக் காட்டு."

"இப்பதான் கேட்டுச்சு மாமா..."

"ஒங்களுக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேக்கல. ஆளக் காட்டு."

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் தேத்தண்ணி கலக்கப் போனார்கள், நான் அடித்துக்கொண்டே இருந்தேன். குச்சி ஒடிந்தது, கல்லை எடுத்து அடித்தேன். தண்ணீரில் ஒன்றும் அசையவில்லை. ஏண்டா இன்னும் வரல, எங்கடா போன, என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு அடித்தேன்.

வந்தான். உதடு நீலம். ஒரு காலை இழுத்துக்கொண்டு ஏறினான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம், குரல் கொடுத்த பிறகு. மல்லாந்து மிதந்துகொண்டு சத்தத்தை மட்டும் பார்த்துக் கையைப் போட்டானாம். பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் கேட்காமலே எடுத்துக் குடித்தான்.

பிறகு எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, வலப்பக்கம் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு வாசல்ல நான் தப்பான பக்கம் நின்னுட்டேன் செல்லசாமி."

தகரத்தைக் கவிழ்த்தேன்.

ஜூலை 23, சனி. திருகோணமலை

தலவாக்கலையில் ஏறி, பொல்காவலையில் மாறி, மாகோவில் மாறி, உட்கார்ந்தே தூங்கி வந்தோம். விடிந்தபோது ரயில் ஜன்னலில் தேயிலை இல்லை, மலை இல்லை. தரை நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

கோயில் பக்கத்தில் அமாவாசைக் கூட்டம். அப்பனுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணியும் விட்டேன். முடித்து, கூட்டம் இல்லாத கரைக்கு நடந்தோம். ஒரு மேடு ஏறி இறங்கினால் கடல்.

மூக்கன் வாயைத் திறந்து நின்றான். "இம்புட்டுத் தண்ணிக்கும் எங்கண்ணே அணை கட்டுனாங்க?"

நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். தெரியவில்லை. கணேசமூர்த்தியைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. இங்கே யாருக்கும் சத்தத்தை வைத்துக் கரை பிடிக்க முடியாது. எனக்கும் முடியாது, அவர்களுக்கும் முடியாது.

இறங்கினேன். அணைத் தண்ணீர் ஆளைக் கீழே இழுக்கும். இது தூக்குகிறது. யாரோ அடியிலிருந்து இரண்டு கையாலும் தாங்குகிற மாதிரி. அழகுமுத்து என்னைச் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் சேர்ந்துகொண்டான். இத்தனை வருடமும் இடப்பக்கம் நீந்தியவன்.

"பயமா இருக்கா?"

"ஒனக்கு?"

"எனக்கு இருக்குப்பா," என்றான்.

தோளுக்குத் தோள் போனோம். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கரையில் ஆட்கள் சிறிதாகும் வரைக்கும் போய், அங்கே தலையை உள்ளே விட்டு முங்கினேன். கண்ணைத் திறந்துகொண்டே முங்கினேன். உப்பு எரித்தது. மூடவில்லை. அம்மா என் முகத்தை மூடிக் கொண்டுவந்த கடல் அல்லவா.

ஜூலை 25, திங்கள்

வீடு. துண்டில் உப்புப் பூத்திருக்கிறது. மீனம்மா துவைக்க எடுத்தாள். வேண்டாம் என்று வாங்கி மடித்து வைத்தேன்.

ராத்திரி அவள் கேட்டாள், "கடல் எப்படித்தான் இருக்கும்?" சொல்லத் தெரியவில்லை. "அடுத்த வருசம் நீயும் வா," என்றேன்.

"அணைக்கு வராதவளுக்குக் கடல் உண்டா?"

யோசிக்க வேண்டும்.

ஜூலை 31, ஞாயிறு

பனி. பாறையில் நான். தகரம் புதிது, சத்தம் கொஞ்சம் கூச்சல், நசுங்கினால் சரியாகும். மீனம்மா தேத்தண்ணிச் சட்டியோடு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வந்தவள் வந்தவள்தானே.

கணேசமூர்த்தி, மூக்கன், எல்லோரும் இப்பொழுது என் வலப்பக்கம் வந்து நின்றுதான் பேசுகிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. என் காதைப் பற்றி நானும் எதுவும் சொல்லவில்லை. சங்கு இன்றைக்கும் சரியாக ஊதவில்லை.

கடைசியாக அழகுமுத்து ஏறினான். ஆளைக் கண்ணால் பார்த்தேன், தகரத்தைக் கவிழ்த்தேன். பாறையில் சற்று இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்து, வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு வைப்பது எனக்குப் பழகிவிட்டது.