நடுவில் ஒரு மஞ்சள் பொத்தான்

மேக்கன், ஜார்ஜியா
ஜூன் 4, 2019

அன்புள்ள சகோதரி வெர்டெல் அவர்களுக்கு,

என் எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே போகின்றன, சில கீழே விழுந்து கிடக்கின்றன. பென்சிலை நான் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிப்பதாக நூலகத்து வகுப்பில் சொல்கிறார்கள். எழுபத்து மூன்று வயதில் என் கைப்பட எழுதும் முதல் கடிதம் இது. யாருக்கு எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

போன செப்டம்பர் வரை எனக்குப் படிக்கத் தெரியாது. நம் சபையில் மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன், ஒருவருக்கும் தெரியாது. பழைய மிக்ஸரில் மேலும் கீழும் தள்ளும் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் கீழே வண்ணத் துண்டு ஒட்டியிருந்தேன். பாஸ்டருக்குச் சிவப்பு, பியானோவுக்குப் பச்சை, உங்களுக்கு மஞ்சள். "லூஷியஸுக்கு அலங்காரம்னா உயிரு" என்று கேலி செய்வீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு அதைத் தூக்கிவிட்டு டேப்லெட் ஒன்றைக் கொடுத்தார்கள். திரையில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பொத்தான்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், அடியில் எறும்பு அளவுக்குப் பெயர்கள். விரலால் ஒதுக்கினால் அடுத்த எட்டு வரும். முதல் பக்கத்தில் மூன்றாவது நீங்கள். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது, கொயரில் பாடும் ஒடெசா. உங்கள் அக்காவின் அடக்க ஆராதனையன்று நீங்கள் பாட எழுந்தபோது, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதை மேலே தள்ளினேன்.

முதல் சரணம் முழுக்க உங்கள் குரல் இரண்டு வரிசையைத் தாண்டவில்லை. ஸ்பீக்கரில் வந்தது ஒடெசா பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தது: "பாரு, இன்னைக்கும் சுருதிக்குக் கீழதான் ஆரம்பிச்சிருக்கா. அங்க சாப்பாட்டுக் கூடத்துல கோழி வேற ஆறிக்கிட்டிருக்கு."

வாசலில் நீங்கள் என் கையைப் பிடித்து, "லூஷியஸ், என்னாச்சு?" என்றீர்கள். "வயர்ல கோளாறு சகோதரி" என்றேன். அதை நம்பி, சபைக் காரியங்களைக் கவனிக்கும் நம் டீக்கன் ரென்ஃப்ரோ ஒரு நல்ல வயரைக் குப்பையில் போட்டார். அந்த மாதமே நீங்கள் மில்வாக்கிக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

குற்றம் வயர் மேல் இல்லை. என்னை மன்னியுங்கள். ஜூலை கடைசி ஞாயிறு ஹோம்கமிங். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் வருகிறார்கள். நீங்களும் வந்து பாட வேண்டும்.

உங்கள் சகோதரன்,
லூஷியஸ் பெட்வே
(கையெழுத்தும் நானே போட்டது)

மில்வாக்கி
ஜூன் 13

சகோதரர் லூஷியஸுக்கு,

வீட்டு எண்ணை 1421 என்று எழுதியிருந்தீர்கள். 1412. எதிர் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர்.

உட்கார்ந்து படித்தேன், எழுந்து நின்று படித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுப் பட்டியலை உங்களிடம் நீட்டுவேன், "சரி சகோதரி" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வீர்கள். என்ன நெஞ்சழுத்தம் ஐயா உங்களுக்கு.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் வர மாட்டேன். பாடுவதை விட்டுவிட்டேன். காரணம் கேட்காதீர்கள்.

மகன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். ஜூனிலும் இங்கே ஏரிக்காற்று குளிர்கிறது. நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

வெர்டெல் ஸ்டோவல்

மேக்கன்
ஜூன் 24

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை யார் துணையும் இல்லாமல் படித்தேன். தபால் பெட்டி அருகிலேயே, வெயிலில் நின்று. 'வர மாட்டேன்' என்ற இடத்தில் விரலை வைத்து மறுபடி எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். தவறாகப் படித்துவிட்டேனோ என்று ஒரு நப்பாசை.

காரணம் கேட்கவில்லை. ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். இந்த மிக்ஸரின் மென்பொருளில் வெறும் பக்கம் ஒன்று உண்டு. அதில் பொத்தான்களை நாமே வேண்டிய இடத்தில் வைக்கலாம், பெரிதாக்கலாம், நிறம் கொடுக்கலாம், பெயர் எழுதலாம். பெயர் எழுதலாம், சகோதரி! பாஸ்டர் பெயரை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது.

வரிசையாக அடுக்கவில்லை. மேடையில் யார் எங்கே நிற்கிறார்களோ, திரையிலும் அங்கேயே வைத்தேன். பியானோ ஓரத்தில், டிரம்ஸ் பின்னால், கொயர் மூன்று படியாக. பக்கம் திருப்பும் வேலையே இல்லை. நிமிர்ந்து ஆளைப் பார்த்தால் கை தானாக அங்கே போகிறது. முன்னால் நடுவில் ஒரு பெரிய மஞ்சள் பொத்தான். அதில் உங்கள் பெயர்.

ஆனால் மனது ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இன்று வைத்ததை நாளை நகர்த்துகிறேன். சாப்பிடும்போதுகூட உப்புக் குப்பியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நேற்று டீக்கன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அந்த மஞ்சள் யாருக்கு?"

"வெர்டெல்லுக்கு."

"அவங்க மில்வாக்கியில இருக்காங்கய்யா. அவ்வளவு நீளத்துக்கா வயர் போட்டிருக்கீங்க?"

"இருந்துட்டுப் போகட்டும் டீக்கன்."

"ஆளே இல்லாத பொத்தானுக்கு நடு இடமா? ஹோம்கமிங்குக்கு அட்லாண்டா கொயர் வருது. அதை எடுத்துட்டு அவங்களுக்குக் குடுங்க."

ஒடெசா குறுக்கே வந்தாள். "அதுல கை வெச்சா நான் பாட மாட்டேன்."

"அப்படி ஒரு நல்லது நடந்தாலும் சரிதான்" என்றார் டீக்கன்.

கடைசி ஒத்திகை வரை தவணை கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை, ஜூலை 27. நீங்கள் வரவில்லையென்றால் அன்று என் கையால் அதை அழிக்க வேண்டும்.

லூஷியஸ்

மில்வாக்கி
ஜூலை 8

சகோதரர் லூஷியஸுக்கு,

பொத்தானைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். நான் நடுவில் நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. வாராவாரம் பார்த்த உங்களுக்கே தெரியவில்லை என்றால் நானும் நன்றாகத்தான் மறைத்திருக்கிறேன்.

கடைசி நாலு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பியானோவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தேன். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலதில் பாதி மிச்சம். ஒடெசா சொன்னது பொய்யில்லை. பியானோ சரியாகக் கேட்காததால் கீழேதான் ஆரம்பித்துக்கொண்டிருந்தேன்.

அன்று என் மைக் வேலை செய்யாதது எனக்குத் தெரியாது. ஒடெசா பேசியதும் தெரியாது. சனங்கள் தலையைக் குனிந்துகொண்டதை மட்டும் பார்த்தேன். வாசலில் "என்னாச்சு" என்று கேட்டது நிஜமாகவே தெரியாமல்தான். வயர் என்றீர்கள். நான் சுருதி விட்டுப் பாடியதை மறைக்க, என் மானத்தைக் காப்பாற்ற நீங்கள் சொன்ன பொய் அது என்று நினைத்தேன். அதனால்தான் ஊரை விட்டு வந்தேன்.

பியானோ கேட்காமல் நான் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவது? அந்த இடத்தை அட்லாண்டாக்காரர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

வெர்டெல்

மேக்கன்
ஜூலை 16

அன்புள்ள சகோதரி,

கொடுக்கவில்லை. உங்கள் பொத்தானைப் பியானோ அருகே நகர்த்திவிட்டேன். திரையில் இரண்டுக்கும் நடுவே அரை விரல் இடைவெளிதான்.

அதன் கீழே இன்னொரு பொத்தானும் வரைந்திருக்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில், உங்கள் வலது காதைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தாயிற்று. அதில் பியானோ மட்டும் வரும்; அதைக் கூட்டிக் குறைக்கத்தான் இந்தப் பொத்தான். திரையில் உள்ள மற்றப் பொத்தான்கள் எல்லாம் சபைக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதற்கு. இது ஒன்று மட்டும் உங்களுக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதற்கு. இத்தனை வருடத்தில் நான் அதை உங்களிடம் கேட்டதே இல்லை.

இடது காதில் பஞ்சை அடைத்து, வலதை உள்ளங்கையால் பாதி மூடிக்கொண்டு நானே போய் அங்கே நின்று பார்த்தேன். டேப்லெட் ஒடெசா கையில்.

"கேக்குதா?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"பெஞ்சே ஆடுது லூஷியஸ். அவளுக்குக் கேக்குறதுக்குள்ள எனக்குக் காது போயிடும்."

எனக்கு அந்த இடத்தில் பியானோ ஒவ்வொரு கட்டையாகக் கேட்டது. ஒடெசா தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்குச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு எழுதுங்க. கோழியைப் பத்திச் சொன்னதையும் சேர்த்து" என்றாள். எழுதிவிட்டேன்.

உங்கள் காதைப் பற்றி ஒடெசாவுக்கு மட்டும்தான் தெரியும், டீக்கனிடம் சொல்லவில்லை. அவரிடம் எப்போது சொல்வதென்பது உங்கள் விருப்பம். 27-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை பஸ் ஏறினால் சரியாக இருக்கும். பஸ் நிலையத்துக்கு நான் வருகிறேன். இப்போது பலகையைப் படித்து, எந்த பஸ் எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் எழுதுவேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அது வந்து சேரும்போது நீங்கள் இங்கே கிளம்பியிருந்தால் எதிர் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கட்டும். அவருக்குத்தான் என் கையெழுத்து பழக்கமாயிற்றே.

உங்கள்
லூஷியஸ்