சீர் மிக்சிக்கு ஒரு அடாப்டர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். அப்பாவோடு உத்திரமேரூர் பஜார். அக்கா அடுத்த வாரம் அமெரிக்கா. அவள் கணவர் ஏற்கெனவே அங்கே.

வாங்க வேண்டியவை: போன் சார்ஜருக்கு அடாப்டர். லேப்டாப்புக்கு எர்த் உள்ள மூன்று முள் அடாப்டர். பூட்டு.

சார்ஜர்களில் பொடி எழுத்தில் 100–240. முள்ளை மாற்றினால் போதும். அப்பா தனிக்குடித்தனச் சீராக வாங்கிய மிக்சியில் 230 மட்டும். அங்கே வருவது அதில் பாதி. அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், மின்சாரத்தை அல்ல. சொன்னேன்.

கடைக்காரர் அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "இன்னாண்ணே, உங்க பொண்ணு எனக்கே எக்ஸாம் வெக்குது? எல்லா நாட்டுக்கும் போற அடாப்டர் இது. சொருவுனா மிக்சி இன்னா, கிரைண்டரே ஓடும்."

அப்பா என்னிடம்: "நீ எம்.ஏ. தமிழ் படிச்ச. கரண்ட்டா படிச்ச?"

அவர் வணிகவியல். கடைக்காரர் பத்தாவது. அவர்கள் மட்டும் கரண்ட் படித்தார்களா? மிக்சிக்கும் ஒரு அடாப்டர் வாங்கியாயிற்று.

ஜூன் 4, புதன்

மேகம். மழை இல்லை.

அந்த நாட்டுக்கென்றே 110 வோல்ட் மிக்சி காஞ்சிபுரத்தில் கிடைக்கிறது. போனில் விசாரித்தேன். பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாங்கிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கடைக்காரர் ஜாரைத் திருப்பினார். பளபளக்கும் எஃகில் அக்கா பெயர், அவள் கணவர் பெயர், கீழே அப்பா பெயர்.

"பேர் வெட்டுன சாமானை எவன்மா வாங்குவான்?"

வீட்டில் அப்பா: "சீருன்னா பேர் வெட்டாமயா குடுப்பாங்க? நாளைக்கு யாரு குடுத்ததுன்னு எப்டி தெரியும்?"

பெயரில் பிழை இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கிறார். வோல்ட்டைப் பார்க்கவில்லை.

ஜூன் 7, சனி

சாலவாக்கம், அக்காவின் மாமியார் வீடு. பெட்டி கட்டும் நாள். வியர்வை.

எடை கூடுதல். அத்தை பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது அக்காவின் புத்தகங்கள். அங்கே நர்ஸ் வேலைக்கு எழுத வேண்டிய தேர்வின் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் பென்சில் குறிப்பு. அந்தத் தேர்வு எழுதாவிட்டால் அங்கே அவள் நர்ஸ் இல்லை. சமைக்கிறவள்.

"மிக்சிதான் கனம். அது அங்கே ஓடவும் ஓடாது அத்தை. வோல்ட் வேற."

"உங்க நைனா அடாப்டர் வாங்கிக் குடுத்துகீறாரே! படிக்கிறதை போன்லயே படிச்சிக்கலாம். மிக்சி போன்ல வருமா?"

இதற்கு நான்கு பதில்கள் டவுன் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தன.

அக்கா வெளியே வந்த புத்தகங்களை ஓரமாக அடுக்கி வைத்தாள், அவ்வளவுதான். அதுதான் அதிகம் எரிகிறது.

ஜூன் 9, திங்கள்

மறுபடி சாலவாக்கம். மாலை. லோ வோல்டேஜ். மின்விசிறி இறக்கையை எண்ணலாம். அத்தை சட்னி அரைக்க, அவருடைய பழைய மிக்சி முனகிக்கொண்டே நின்றது. தேங்காய் அப்படியே.

"த்தூ, பேஜாரு. இது சுத்தவே மாட்டேங்குது."

அக்கா, தரையில் உட்கார்ந்தபடி: "அத்தே, அங்க நம்ம மிக்சிக்கு நாள் பூரா இதே கதிதான். காலைல, மத்தியானம், எப்பவும். அடாப்டர் போட்டாலும்."

அத்தை திரும்பினார். "அப்ப ஒண்ணுத்துக்கும் ஆவாதா?"

"ஆவாது."

ஒரு வாரம் நான் கத்திய வோல்ட் எல்லாம் வீண். இது ஒரே நொடியில் உள்ளே போனது.

அத்தை நேராக அறைக்குப் போனார். பெட்டியிலிருந்து மிக்சியைத் தூக்கி வந்து சமையல் மேடையில் வைத்தார். பழையதைப் பரண் மேல் ஏற்றினார். "அங்க போயி வீணாவறதுக்கு இங்கயே கெடக்கட்டும்." ஜார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். திருப்தி.

அறையில் அக்காவிடம் சீறினேன். "உனக்குக் குடுத்த சீருடீ அது! கேக்காம எடுத்துக்கினு போறாங்க, நீ பாத்துக்கினு இருக்க. அப்பாகிட்ட இன்னா சொல்லுவ?"

அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மிக்சி இருந்த பள்ளத்தில் அவை சரியாக உட்கார்ந்தன.

"அப்புறமா திட்டு. இப்ப பொட்டி மேல ஏறி உக்காரு."

ஏறி உட்கார்ந்தேன், திட்டிக்கொண்டேதான். ஜிப் மூடிக்கொண்டது.