வியாழக்கிழமை நோயாளி

06.09.2024
வெள்ளிக்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடல்நலத்தோடும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் நிலையிலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். எங்களில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில் மட்டும் வெளியே ஒரு கருத்து வேறுபாடு நிலவுகிறது. அதை விளக்கவே இக்கடிதம். நீ எழுதியது ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி கைக்கு வந்தது. அதன் மேலே ‘பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்’ என்று போட்டிருக்கிறாய். அன்று திங்கட்கிழமை. ஆயுள் முழுவதும் அச்சகத்தில் பிழை திருத்தியவனின் மகள் இப்படி எழுதலாமா என்று கேட்க மாட்டேன். மாப்பிள்ளையின் மேற்பார்வை போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல். அதைவிட முக்கியமாக, வலியைப் பற்றிப் பேசுவதைக் குறைக்கச் சொல். பாதி குணமாகிவிடும்.

“இனிமே உங்களால முடியாதுப்பா, டிசம்பர்ல நான் வந்து நல்ல இல்லமாப் பாத்து அம்மாவைச் சேத்துடறேன்” என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபமில்லை. உன்னைப் பயமுறுத்தியது நான் எழுதியவைதாம். ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி உறவினர் வீட்டு விழாவில் உன் அம்மா பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம் “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று மூன்று முறை கேட்டதும், யாரோ சிரித்ததும், அன்றிலிருந்து அவள் வாசல்படியைத் தாண்டாததும் உனக்குத் தெரியும். யார் சிரித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. அந்தக் கூச்சம் மட்டும் மறக்கவில்லை. யாராவது அழைப்புமணி அடித்தால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் “அப்புறம்” என்பாள். அந்த அப்புறம் வராது. இந்த நிலையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை மாலைகளில், நூலகத்தின் பின்பக்கக் கூடத்தில் மறதி நோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கூடித் தேநீர் குடிக்கிறார்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். வெளியே ‘தேநீர் நேரம்’ என்று மட்டும் பலகை வைத்திருப்பார்களாம். நோயின் பெயர் எங்கும் இராதாம். ஆகஸ்ட் எட்டாம் தேதி, தலை சுற்றுகிறது, தனியே போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்திருப்பவர்களில் யார் நோயாளி, யார் துணை என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. கேட்டால் ஒருவர் தலை குனிய வேண்டிவரும் என்று, அதை நடத்தும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மாள் வைத்த விதி. நல்ல விதிதான், ஆனால் கேட்க முடியாதபோது மனிதர்கள் ஊகிக்கிறார்கள். தேநீர் ஊற்றுபவர் ஒரு முன்னாள் பேருந்து ஓட்டுநர். வயது அறுபதைத் தாண்டியும் குரல் இன்னும் ஸ்டியரிங்கின் முன்னால்தான் இருக்கிறது. “உள்ள வாங்க தலைவரே, சீட் காலியா இருக்கு” என்று என்னைத்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்ததும், குழந்தையிடம் பேசுவதுபோல் குனிந்து, “தலைவரே, இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பாப்போம்” என்றார். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் ஆசையாகக் கேட்டதில்லை என்பது உனக்கே தெரியும். வியாழக்கிழமை, ஆகஸ்ட் எட்டு, இவ்வாண்டின் இருநூற்று இருபத்தொன்றாம் நாள், இது லீப் ஆண்டு என்பதைக் கணக்கில் கொள்ளவும் என்றேன். சுவரிலிருந்த நாட்காட்டியில் ஏழாம் தேதித் தாள் கிழிக்கப்படாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டினேன். ஓட்டுநரின் முகம் இரக்கத்தில் தொங்கிப்போயிற்று. உன் அம்மாவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “ரொம்ப நாளா இப்படித்தானாம்மா?” என்று கேட்டார். உன் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான் தம்பி” என்றாள்.

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். ‘ஐயா, நோய் எனக்கில்லை’ என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்துக் குரல் திரும்பியிருந்தது. என் முழங்கையைத் தட்டி, “நீங்க கொஞ்சம் லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த தையற்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவரும் மறதிக்காரர்தான், மருமகள் அழைத்து வந்திருந்தாள். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று உன் அம்மா கேட்டாள். ஏப்ரலில் கேட்ட அதே கேள்வி. இரண்டு என்றார் அவர். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டாள், மூன்று என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, “வீட்டுக்குப் போய் எண்ணிட்டு வந்து சொல்றேம்மா” என்றார். “மறக்காம எண்ணுங்க, போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க” என்றாள் இவள். அதுதான் எங்களுக்கு முதல் தடவை! மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு உன் அம்மாவைச் சுடவில்லை. சரியான எண்ணிக்கை என்னவென்று தெரியாமல் அன்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி செவிலியர் அம்மாள் என்னைத் தனியே அழைத்து, “எனக்குப் பாத்த உடனே தெரியும் சார். ஓட்டுநர் மாத்திப் புரிஞ்சுக்கிட்டார். நான் சொல்லித் திருத்திடட்டுமா?” என்று கேட்டார். எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. பிழையென்று அடித்த சொல்லை, அடித்தது தவறென்று பிறகு தோன்றினால், அதன் கீழே புள்ளிகள் வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிவிடுவோம். நான் அக்குறியை இட்ட இடங்கள் மிகக் குறைவு. அச்சுக்கோப்பவர்கள் என்னை வைதது அதற்காகத்தான். இருக்கட்டும் அம்மா என்றேன். ஓட்டுநரிடம் சொல்ல வேண்டாம், அவர் முகம் எதையும் மறைக்காது என்றும் கேட்டுக்கொண்டேன். அன்றுமுதல் வியாழக்கிழமைகளில் நான் முழுநேர நோயாளி. எனக்கு மட்டும் தேநீர் பாதிக் கோப்பைதான், கொட்டிவிடுவேனாம். வண்ணப் பென்சிலும் வாத்துப் படமும் தந்தார்கள்; வாத்துக்கு நீலம் அடித்ததற்குக் கைதட்டினார்கள். ஆனால் மகளே, வீட்டில் நடப்பதைக் கேள். “கெளம்புங்க, உங்களுக்காகத்தானே போறோம்” என்று அவளே முதலில் வாசலில் வந்து நிற்கிறாள். “நான் உக்காந்தாத்தான் நீங்க சாப்பிடுவீங்க” என்று தட்டின் முன்னால் உட்கார்கிறாள், உட்கார்ந்தவள் சாப்பிடுகிறாள். நான் இரண்டாம் முறை சோறு கேட்காவிட்டால் எனக்குப் பசியில்லையோ என்று கவலைப்பட்டுத் தானும் நிறுத்திவிடுகிறாள் என்பதால், நான் இப்போது சற்றுப் பருத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று, ஐந்தாம் தேதி, கை கழுவப் போய்த் திரும்பியவள் என் நாற்காலியின் அருகே நின்று, “இவர் யார்கூட வந்தவர்?” என்று ஓட்டுநரைக் கேட்டாள். நான் நாற்பத்தொன்பது ஆண்டுகளாக அவளோடு வந்தவன். தேதியோடு சொல்லியிருக்க முடியும். “உங்க வீட்டுக்காரர்தாம்மா. நீங்கதானே கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க” என்றார் ஓட்டுநர். அவள் என்னை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். “அப்படியா? பாவம், யாரும் இல்லாதவரோன்னு பயந்துட்டேன். சரி, நானே பாத்துக்கறேன்” என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டுவிட்டாள். தவறான துளையில்தான் போட்டாள். அப்படியே வீடுவரை வந்தேன். இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம். அங்கே போனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் இருப்பார்கள். அவள் பார்த்துக்கொள்ள ஒருவர்கூட இருக்க மாட்டார். என்னால் முடியாத நாள் வந்தால் மறைக்காமல், தேதி போட்டு எழுதுவேன்.

டிசம்பரில் அவசியம் வா. திரும்பும் தேதியையும் சேர்த்து எழுது. இரவில் படுத்துக்கொண்டு கைபேசி பார்க்காதே. பேரனுக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். உன் அம்மாவின் வாழ்த்தையும் அவளைக் கேட்டே எழுதுகிறேன், “பொண்ணு நல்லா இருக்கட்டும்” என்றாள், எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வை. ஓட்டுநர் உன் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் ஒப்பித்ததைக் கேட்டு, “நம்பரெல்லாம் நல்லா ஞாபகம் வெச்சிருக்காரே” என்று வியந்தார். பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உன்னை அழைத்து, அப்பாவின் நிலைமை மோசம், அம்மா தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார் என்பார். ஆமாம் என்று சொல். நீ வந்து நிற்கும்போது அம்மா கதவைத் திறந்து, யார் வேணும் என்று கேட்கவும் கூடும். அழாதே, உறவை விளக்காதே. அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல். உள்ளே அழைத்து, என்னைக் காட்டி, என்னைப் பற்றி எல்லாக் குறையும் உன்னிடம் சொல்வாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் பொறுப்பில் உள்ள
அப்பா