மெதுவாகக் காயும் பசை

மார்ச் 4

வீட்டை விட்டுப் போனவளுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு மனமில்லை. உன் அக்கா வீட்டில் நீ நன்றாகத்தான் இருப்பாய். பழைய நாடகக் கொட்டகை ஒன்றின் உட்கூரைக்குத் தங்க ரேக்கு ஒட்டும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதாக அவள் போனில் சொன்னாள். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ கை வேலையாக இருப்பதாகச் சொல்லச் சொன்னாயாம். அதனால்தான் இந்தக் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஓட்டலின் வரவேற்பறைக்கு ஆள் உயரக் கண்ணாடி கேட்டிருக்கிறார்கள். சுற்றிலும் திராட்சைக் கொடி செதுக்கிய பிரேம். மரவேலையை நானும் தம்பியும் முடித்துவிட்டோம். ரேக்கு ஒட்ட உட்கார்ந்தோம், அத்தனையும் நாசம். நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன அதே பசைதான். காலையில் பூசினோம், பூசிய கையோடு ரேக்கை வைத்தோம். தங்கம் பசைக்குள் முங்கிச் சுருங்கிப் போய்விட்டது. பளபளப்பு மருந்துக்கும் இல்லை. போதாததற்குத் தம்பி வியர்க்கிறதென்று ஃபேனைப் போட்டான். ஊதினாலே பறக்கிற தங்கத் தாளாயிற்றே, ஒரு கட்டு ரேக்கு பறந்து எங்கள் இருவர் மீசையிலும் ஒட்டிக்கொண்டது. சிரிக்காதே.

அந்த டப்பாவில் என்னத்தைக் கலந்து வைத்துவிட்டுப் போனாய்? பதினான்கு வருஷமாக நீ காலையில் வந்து உட்கார்ந்து ரேக்கு வைப்பதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ வைத்தால் ஒட்டும், நான் வைத்தால் ஒட்டாதா? என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு. தொழிலில் மண்ணைப் போடாதே. மாதக் கடைசியில் ஓட்டல்காரம்மா எடுத்துப்போக வருகிறார்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
உன் புருஷன் (மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்)


மார்ச் 9

பிரேம் கடைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மீசை வந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வயிறுதான் எரிந்தது.

டப்பாவில் ஒன்றும் கலக்கவில்லை. அது மெதுவாகக் காயும் எண்ணெய்ப் பசை. சாயங்காலம் பூசினால் மறுநாள் காலையில்தான் ரேக்கைத் தாங்கும். காலையில் நான் ரேக்கு வைத்ததைப் பார்த்தீர்கள், சரி. முந்தின சாயங்காலம் பசை பூசியதை ஒரு நாளாவது பார்த்தீர்களா? எப்படிப் பார்ப்பீர்கள்? ஷட்டரை இறக்கியதும் அண்ணனும் தம்பியும் கைகால் கழுவிக்கொண்டு சீட்டாடக் கிளம்பிவிடுவீர்கள். நான் சமையலை முடித்துவிட்டுப் பட்டறைக்கு வருவேன். தூசி விழக்கூடாதென்று ஜன்னலைச் சாத்துவேன், ஃபேனை நிறுத்துவேன், புழுக்கத்தில் உட்கார்ந்து பூசுவேன். நீங்கள் திரும்பி வந்து சாப்பாட்டைச் சூடாக்கவில்லையா என்று கேட்பீர்கள். பசை தானாக முளைத்தது என்று நினைத்தீர்களாக்கும்.

அன்றைக்குக் கடைக்கு வந்த அந்த டாக்டர், படச்சட்டத்தைத் தடவிப் பார்த்து, இவ்வளவு நேர்த்தியாகத் தங்கம் ஒட்டியது யார் என்று கேட்டார். நான் கையெல்லாம் ரேக்குத் தூளோடு டீத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். நீங்கள் தம்பி தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "நாங்க ரெண்டு பேருந்தான் சார்" என்றீர்கள். எதற்காகப் போனாள், எதற்காகப் போனாள் என்று ஊரெல்லாம் கேட்டீர்களே, இதற்காகத்தான் போனேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பிரேம் பாவம், அது என்ன செய்தது.

கெட்டுப்போன பூச்சு நன்றாக இறுகட்டும், பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுங்கள். வெறும் மரம் பசையைக் குடித்துவிடும், அதனால் முதலில் அரக்குப் பூச்சு கொடுங்கள். அது காய்ந்ததும் பசையை மெல்லிசாக, மிக மெல்லிசாக இழுங்கள். திராட்சைக் குழிகளில் தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேங்கிய இடம் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். காலையில் விரலை மடக்கி மொட்டியால் தொட்டுப் பாருங்கள். பசை விரலில் வந்தால் இன்னும் ஆகவில்லை. விரலை லேசாகப் பிடித்திழுத்து 'டிக்' என்று விட்டால் ரேக்கை வையுங்கள். ஒன்றுமே பிடிக்கவில்லையென்றால் நேரம் தப்பிவிட்டது, மறுபடி பூச வேண்டியதுதான்.

பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பாட்டில் தண்ணீர்ப் பசை. பால் மாதிரி இருப்பது தெளிந்ததும் ஒட்டலாம், ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். சின்னப் பெட்டி, வாழ்த்து அட்டைக்கெல்லாம் அது சரி. அவசரப்பட்டு ஓட்டல் பிரேமில் அதைத் தடவாதீர்கள், பிரஷ் போன வழியெல்லாம் தங்கத்தில் கோடாகத் தெரியும். எண்ணெய்ப் பசைதான் தானாகப் பரவிச் சமமாகும். மேலே வார்னிஷும் வேண்டாம், அது கறுத்துப்போகிற பித்தளை ரேக்குக்குத்தான், அசல் தங்கத்துக்குத் தேவையில்லை.

இப்படிக்கு,
தட்டு ஏந்தியவள்


மார்ச் 22

அவளுக்கு,

ஒட்டிவிட்டது. நீ எழுதியபடியே செய்தேன். தம்பி சீட்டாடக் கூப்பிட்டான், போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பூசி முடிப்பதற்குள் சட்டையைப் பிழியலாம் போல ஆகிவிட்டது. காலையில் விரல் மொட்டியை வைத்தேன், 'டிக்' என்றது. திராட்சை ஒவ்வொன்றும் மின்னுகிறது.

ஆனாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட இருந்து பூசியிருக்க மாட்டேனா?

ஓட்டல்காரம்மா மாதக் கடைசிக்கு முன்பே வந்து பார்த்துவிட்டு, யார் வேலை என்று கேட்டார். எங்க வேலைதான் என்றேன். வேறு என்ன சொல்வது? அவருடைய மாடி அறைகளுக்கும் கண்ணாடி வேண்டுமாம். என் ஒருவன் கையால் முடியாது, தம்பிக்குப் பொறுமை கிடையாது. கொட்டகை வேலையை யாரிடமாவது தள்ளிவிட்டு வந்து சேர். பசையும் தீரப்போகிறது, வரும்போது எது நல்லதென்று பார்த்து வாங்கி வா.

இப்படிக்கு,
நான்


மார்ச் 27

உங்களுக்கு,

சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னேன். வந்த புதிதில், கொஞ்சம் கூட இருங்கள், இருவரும் சேர்ந்து பூசலாம் என்று கூப்பிட்டேன். "பசை தடவ ரெண்டு பேரா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. உங்களுக்கு அது நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

ஓட்டல்காரம்மாவிடம் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. இந்தத் தடவை அது நிஜம். பூசியதும் நீங்கள், ஒட்டியதும் நீங்கள். நன்றாக வந்திருப்பதில் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

கோபம் இன்னொன்றுக்கு. உங்கள் இரண்டு கடிதத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். நான் சாப்பிட்டேனா என்று ஒரு வரி இல்லை. இங்கே சாரத்தில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறேன், உட்கூரை வேலை என்று அக்கா சொன்ன பிறகும் கழுத்து வலிக்கிறதா என்று ஒரு வரி இல்லை. நான் இல்லாமல் வீடு எப்படியோ இருக்கிறது என்று பொய்யாகக்கூட ஒரு வரி இல்லை. கண்ணாடி இருக்கிறது, மாடி அறை இருக்கிறது, தீரப்போகிற பசை இருக்கிறது. கூலிக்கு ஆள் வேண்டுமென்றால் கடை வாசலில் பலகை வையுங்கள், யாராவது வருவார்கள்.

கொட்டகை வேலையை யாரிடமும் தள்ள மாட்டேன். இது முடிய மழைக்காலம் ஆகும். மேஸ்திரி மேலே வந்து பார்ப்பவர்களிடமெல்லாம் என்னைக் கைகாட்டி, "இந்தம்மா ஒட்டுனதுதான்" என்கிறார். முதல் நாள் அதைக் கேட்டுச் சாரத்திலேயே அழுதுவிட்டேன்.

மெதுவாகக் காயும் பசை என்று கேட்டால் பெயின்ட் கடையில் தருவார்கள். மூடியை அழுத்தி மூடுங்கள். பசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றி எழுதினால் பதில் வராது. வேறு ஏதாவது எழுதத் தோன்றினால் எழுதுங்கள். தோன்றவில்லையென்றால் தபால் தலையை வீணாக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கொட்டகையில் ரேக்கு ஒட்டுகிறவள்